காந்தத்தின் காது

கடலாடியில் திருவிழாக் கச்சேரிகளைத் திறந்தவெளியில் கேட்டே பழகியவன் நான். ஒலிபெருக்கி இல்லையென்றால் வீணை நாலைந்து வரிசைக்கு அப்பால் எட்டாது. ஆகவே, வீணைக்கு மின்சாரம் ஆகாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் கேள்வி வேறு: எந்தக் குரலைப் பெருக்குகிறோம்?

மின்சாரக் கிதாரின் 'பிக்கப்'பை இப்போது வீணைக்கும் பொருத்துகிறார்கள். அது காந்தமும் செப்புக் கம்பிச் சுருளுந்தான். எஃகுத் தந்தியின் அதிர்வு அதற்குக் கேட்கும். மரத்தின் பேச்சு கேட்காது. ஒற்றைச் சுருளானால் நாதம் பளிச்சென்றிருக்கும். கூடவே மின்சார இரைச்சலும் வரும். 1955-இல் கிப்ஸன் கம்பெனியின் ஸெத் லவர் இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலை அடக்கினார். நாதமும் சற்றுக் கனத்தது.

மாண்டலின் ஸ்ரீனிவாஸின் (1969–2014) வாத்தியத்துக்கு மின்சாரம் பொருந்தியது. சட்டென்று அணைந்துபோகும் ஸ்வரம் பெருகி நின்றதால் கமகத்துக்கு இடம் கிடைத்தது. வீணையோ பலாமரக் குடத்தால் பேசுவது. காந்தத்தின் முன் அதன் பித்தளைத் தந்தி ஊமையாகும். எஃகுத் தந்தி கிதாராகிவிடும். குடத்தில் ஒட்டும் 'காண்டாக்ட் மைக்' விரல் உராய்வதையும் சேர்த்தே கொண்டுவருகிறது. வரட்டுமே! தெளிவான அந்நியக் குரலைவிடக் கொஞ்சம் கரகரத்த சொந்தக் குரலே மேல்.