வட்டம் விரியட்டும்!

கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் முளைப்பாரி எடுக்கும் நாள் வந்தால் தெருவிலே கும்மி பிறக்கிறது. மேடை வேண்டாம், மேளம் வேண்டாம். நாற்று நட்ட கைகளே தாளமாகின்றன. ஒருத்தி பாட, மற்றவர் வாங்கிப் பாடுகின்றனர். ஒயிலாட்டமோ சலங்கை கட்டிய கால்களின் அணிவகுப்பு. கையிலே வண்ணத் துணி அசைய, முன்னிற்பவர் அடி மாற்றினால் வரிசை முழுதும் மாறும். தனியொருவர் புகழுக்கன்று, கூட்டத்தின் களிப்புக்காகவே எழுந்த கலைகள் இவை. இவற்றைப் போற்றுகிறோம்.

போற்றுவதோடு நின்றுவிட நாம் புகழ்மாலை தொடுப்போர் அல்லர். கேட்கிறோம்: அந்த வட்டத்திற்கு வெளியே நிற்பவர் யார்? சேரி என்று ஒதுக்கப்பட்ட தெருவின் தங்கைக்கு அதிலே இடம் உண்டா? பறை முழங்கினால் கால்கள் துள்ளுகின்றன. முழக்கியவரையோ எட்ட நிற்கச் சொன்னது சாதி. தாளத்தில் தீட்டில்லையாம், தாளம் தந்த கையிலே தீட்டாம்! ஒயிலாட்டம் நெடுங்காலம் ஆண்களின் உடைமையாக இருந்தது. இராமாயணக் கதையைச் சுமந்தது. இன்று பெண்களும் அதை ஆடுகின்றனர். ஆட்டம் அழிந்துவிடவில்லை; அழகு கூடியது!

ஆட்ட வட்டத்திற்கு வேலி போடுவோர் எங்கும் உண்டு. அயர்லாந்தைப் பாருங்கள். அண்டை வீட்டார் மாலையில் கூடிப் பேசி மகிழ்வதற்கே அங்கு 'கெய்லி' என்று பெயர். 1893இல் தோன்றிய கெயிலிக் மொழிக் கழகத்தார் 1897இல் இலண்டனில் நடத்திய விழாவுக்குப் பின் அப்பெயர் கூட்டு நடனத்திற்கும் வழங்கலாயிற்று. ஆனால், மக்கள் விரும்பி ஆடிய வேறு சில நடனங்களை 'அந்நியம்' என்று ஒதுக்கியதும் அதே கழகமே. பாதிரிமார் வீட்டு நடனங்களைப் பழித்தனர். 1935இல் பொது நடனத்திற்கு உரிமம் வேண்டுமென்று சட்டம் வந்தது. அதைக் காட்டி வீட்டு நடனங்களையும் ஒடுக்கினர். மதத்தின் வேலி ஒருபுறம், தூய்மையின் வேலி மறுபுறம்! அந்த இரண்டும் நமக்கு வேண்டாம்.

பழைய வடிவத்திலே புதிய பொருளை வைக்க முடியாதா? பெண் விடுதலையைப் பாரதியார் கும்மியாகவே பாடினாரே!

நம் பள்ளத்தாக்கிலேயே அதற்கு ஏற்ற நாள் இருக்கிறது. 1895இல் முல்லைப் பெரியாற்று அணை நீரைத் திருப்பிவிட்டது. அதைக் கட்டிய பொறியாளர் பென்னி குயிக்கின் பிறந்தநாளான சனவரி 15இல் உழவர்கள் பொங்கலிடுகின்றனர். மந்திரத்தால் வந்த நீரன்று அது. மனித அறிவாலும், காய்ச்சலிலும் காலராவிலும் மடிந்த தொழிலாளர் உழைப்பாலும் வந்த நீர். அது வயலின் சாதியைக் கேட்டுப் பாய்வதில்லை.

இளைஞர்களே! அந்நாளில் எல்லாத் தெருவும் ஒரே திடலில் கூடட்டும். பறை நடுவே முழங்கட்டும். உழைத்து மடிந்தோர் கதை பாட்டாகட்டும். எவரையும் வெளியே நிறுத்தாத வட்டம் எதுவோ, அதுவே ஊரின் ஆட்டம். மற்றவை சாதியின் ஆட்டமே!