வாய்க்காற் சபைகளும் மக்களாட்சிப் பயிற்சியும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கதிரவன் படுகின்ற திசையிற் கிடக்கும் நிலப்பரப்பைப் படுவான்கரை என வழங்குவர். அதன் தென்புறத்தே, நவகிரிக் குளத்து நீர் பாயும் வயல்களிடையே, போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் அமைந்த வெல்லாவெளி உளது. பாலத்தீனத்திலும் ஒரு மேற்குக் கரை உண்டு. அங்குள்ள சங்கங்களை ஆராய்ந்து, அரசறிவியற் பேராசிரியை அமனி ஜமால் 2007 ஆம் ஆண்டு 'மக்களாட்சிக்குத் தடைகள்' எனப் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். அந்நூலைப் படுவான்கரையில் வைத்துப் படிப்பின் அதன் வலிமையும் குறையும் ஒருங்கே புலனாகும்.

சங்கங்களை மக்களாட்சியின் பள்ளிக்கூடங்களாகக் கொள்ளும் கருத்துப் பழையது. பிரெஞ்சு அறிஞர் தொக்குவில், 1835, 1840 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்த தம் அமெரிக்க ஆராய்ச்சியில், கூடித் தொழில் செய்யும் பழக்கம் கொடுங்கோன்மைக்கு எதிரான அரண் என்றார். பிற்காலத்தார் இதனை எந்நாட்டுக்கும் பொருந்தும் விதியாக்கி, சங்கங்களின் தொகையை எண்ணியே ஒரு நாட்டின் குடிமைப் பண்பை அளக்கத் தலைப்பட்டனர். ஜமால் அவ்விதியை மறுக்கின்றார். ஆட்சியாளரின் தயவின்றி எதுவும் நடவாத இடத்தில், அவர்க்கு அணுக்கமான சங்கத்தினர் பிறர்மேல் மிகுந்த நம்பிக்கை உடையராகவே காணப்படுவர். ஆயின் அந்நம்பிக்கை மக்களாட்சிப் பற்றாக மலர்வதில்லை. சலுகை பெற்றோரின் மனநிறைவே அது.

இக்கூற்றிற்கு இலங்கை வரலாறு நல்ல சான்று தரும். பிலிப் குணவர்த்தனா அமைச்சராயிருந்து கொணர்ந்த 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், பயிர்ச்செய்கைக் குழுக்களைச் செய்கைபண்ணுவோரே தேர்ந்தெடுக்க வழிவகுத்தது. போடியாரின் சொல்லே முடிவாயிருந்த வயல்வெளியிற் குத்தகைக்குச் செய்தவர்க்கும் வாக்குண்டு என்றது சிறு செயலன்று. 1972, 1973 ஆம் ஆண்டுச் சட்டங்கள் அத்தேர்தலை நீக்கி, உறுப்பினரை அமைச்சரே நியமிக்கச் செய்தன. அக்காலம் 1971 இல் தொடங்கிய அவசரகால நிலை நீடித்த காலம். 1970 இல் தெரிவான பாராளுமன்றமும் 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் துணைகொண்டு 1977 வரை தன் ஆயுளை நீட்டிக்கொண்டது. குழுவின் பெயர் மாறவில்லை. அதன் உறுப்பினர் எவர்க்கு விடைகூற வேண்டும் என்பதே தலைகீழாயிற்று. சங்கங்களை எண்ணிக் கணக்கிடுவோர் ஏட்டில் இம்மாற்றம் ஒரு கோடளவும் பதியாது.

ஆயினும் நூலாசிரியர் ஒன்றை நெகிழவிட்டார். சங்கம் ஆட்சியாளரை நோக்கி எங்ஙனம் நிற்கின்றது என்று ஆராய்ந்த அளவிற்கு, அது செய்யும் தொழிலின் இயல்பு யாது என்று ஆராய்ந்தாரல்லர். 1995 இல் தொடங்கிய சமுர்த்தித் திட்டத்தின் உதவிப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும் பேனாவின் வேலையாயிருந்தது. நீக்கப்பட்டவர் தம் வீட்டினுள் இருந்து வருந்துவார். வாய்க்கால் நீர் அத்தகையதன்று. மேல்மடையார் மிகுதியாக எடுப்பின் கடைமடை நிலம் வெடிக்கும். அதனை வரம்பில் நிற்போர் யாவரும் காண்பர். வட்டை விதானை ஆட்சியாளரின் ஆளேயாயினும், கதிர் கருகியவருக்கு விடைகூறாது ஊருள் நடமாடல் அரிது. விதானைமார் தம் வயலுக்கே முதலில் நீர்விட்டதும் உண்டு. அது களவென ஊரறிந்தது என்பதே ஈண்டுக் கருதற்பாலது.

இது புதுவதன்று. தேசாதிபதி சேர் ஹென்றி உவார்ட் காலத்து 1856 ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டம், நிலவுடைமையாளர் கூடிப் பெரும்பான்மையாற் பழைய நீர்வழக்கங்களை உறுதிசெய்ய இடமளித்தது. நாட்டின் சட்டசபைக்கு எவர்க்கும் வாக்கில்லாத அந்நாளில் நீரைப் பற்றி வாக்கிருந்தது. வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்ததோ 1931 இல். இடையே 75 ஆண்டுகள். நிலமற்றோர்க்கு அக்கூட்டத்தில் இடமில்லை. காணி பெண்வழிச் சீதனமாக இறங்கும் மட்டக்களப்பிலேயே, உடைமை மனைவி பெயரிலும் பேச்சுக் கணவன் வாயிலும் இருத்தல் இயல்பாயிற்று. எனவே அச்சபையைப் பொற்காலச் சின்னமாகக் கொண்டாடுவதும் பொருந்தாது.

படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்தது. மாற்றுக் கட்சிக்கு அங்கு இடமில்லை. அவ்வாண்டு அரச படை அதனைக் கைப்பற்ற, 2008 மார்ச் 10 இல் மாவட்டத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அதில் மேலோங்கிய தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியோ, 2004 இற் புலிகளினின்று பிரிந்தோரால் அமைந்து, அன்று படைக்கலன் களையாதிருந்த இயக்கம். வாக்குச்சாவடி ஒன்றனையே அளவுகோலாகக் கொள்வோர் முன்னைய காலத்தை வெறுமை என்றும் பின்னதைப் பங்கேற்பு என்றும் எழுதுவர். துப்பாக்கியின் நிழலில் இட்ட வாக்கைக் குடிமைப் பங்கேற்பெனல் எங்ஙனம்? ஜமாலின் எச்சரிக்கை இவ்விடத்து முழுதும் பொருந்தும்.

கமக்காரர் அமைப்புகள் இன்று 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. பருவந்தோறும் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திற்குத் தலைமை வகிப்பவர் அரச அதிகாரி. அவ்வகையில் அது ஆட்சியாளர் சபையே. ஆயின் ஆங்கு முடிவாவன, முதல் நீர் திறக்கும் நாளும் விதைப்பிற்கு இறுதி நாளும் வயற்புறத்தினின்று மாடுகளை அகற்றும் நாளும் போல்வன. ஈற்றில் நின்றதைப் பற்றியே வாதம் மிகும். மேய்ச்சற்றரை சுருங்கிவரும் நாளில் மாட்டுக்காரர் எங்கே செல்வார் என்று ஒருவர் எழுந்து வினவின், தலைமை வகிப்பவர் ஏதேனும் விடைகூறியே ஆகவேண்டும். அவ்வினாவை எந்தக் கட்டத்திற் குறிப்பது என்பதை வினாக்கொத்து வகுப்போர் இனித்தான் காணவேண்டும்.