மரை கழலாத கைப்பிடி வேண்டும்

இருபத்தேழாவது கூட்டில் தலை ஆடியது. கைப்பிடியை விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன். வெட்டும் தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி. கட்டைவிரலால் இறுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். முப்பத்தொன்றில் மறுபடி ஆடியது. எட்டு வாரமாக இதே கதைதான்.

நான் இருப்பது வடக்கு ஒஹாயோவில். ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரிக்கு 1907-இல் அமெரிக்காவின் தேசியத் துப்பாக்கிப் போட்டி குடிவந்தது. இந்தப் பக்கத்துக் கிளப்புகளில், சுட்டபின் விழும் பித்தளைக் கூட்டைக் குப்பையில் போட மனசு வராதவர்களே அதிகம். பொறுக்கிவந்து சுத்தம் செய்து, மருந்தைப் பற்றவைக்கும் புது பிரைமர், மருந்து, குண்டு எல்லாம் வைத்து மறுபடி சுடுவார்கள். கூடு நன்றாக இருந்தால் பல முறை வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதைச் சீர்செய்தாக வேண்டும். அந்தச் சீர்செய்யும் வேலைக்கான கைக்கருவித் தொகுப்பு ஒன்றைத்தான் இரண்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன். ஒரு கைப்பிடி, ஆறு தலைகள், ஒரு பிளாஸ்டிக் டப்பா. கூட்டின் வாய்விளிம்பைச் சீவவும், பிரைமர் குழியைச் சரிசெய்யவும், அதன் கரியைத் துடைக்கவும் ஆன தலைகள்.

எடுத்துக்கொண்டது 400 கூடுகள். கிளப்பில் ஒரு பெரியவர் வாளியோடு தூக்கிக் கொடுத்தார். எல்லாம் 7.62 நேட்டோ, ஒரே முறை சுட்டவை. அடியில் 'எல்சி' என்ற முத்திரையும் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கமும். மிசௌரி மாநிலம் இண்டிபென்டன்ஸ் ஊரில் உள்ள லேக் சிட்டி தொழிற்சாலையில் செய்தவை. கழுத்தருகே நீலமும் பழுப்புமாக ஒரு கறை இருக்கும். தேய்த்துப் போக்க வேண்டியதில்லை. கழுத்தைச் சூடுகாட்டி மிருதுவாக்கியதற்கான அடையாளம் அது.

அந்தச் சூட்டின் அருமை இந்தியாவில் பட்ட பாட்டில் தெரியும். பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை, காய்ந்த மரம் போலத் தானாகவே வெடிப்பு விட்டது. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும், கூட்டை இழுத்து வடிவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்துதான் இதைச் செய்கின்றன என்பது 1921-இல்தான் தெளிவானது. இதனால்தான் அம்மோனியா கலந்த பாலிஷை நான் என் கூடுகளின் பக்கமே கொண்டுபோவதில்லை. ஊரில் குத்துவிளக்குக்குப் புளி போடுவோம். இங்கே வெந்நீரில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம், பத்து நிமிஷம், நல்ல தண்ணீரில் அலசல், அவ்வளவுதான். அமிலம் கூடிப்போனால் துத்தநாகம் கரைந்து பித்தளை இளஞ்சிவப்பாக வெளுக்கும்.

இனி கருவி. முதல் பதினைந்து கூடுகளில் எனக்கு இதை மிகவும் பிடித்திருந்தது. பருத்த ரப்பர் கைப்பிடி உள்ளங்கையை நிறைக்கிறது. வெட்டும் விளிம்புகள் கூர்மை. கூட்டின் வாயில் வைத்து வலப்பக்கம் ஒரு திருப்பு திருப்பினால் பிசிறு மெல்லிய இழையாகச் சுருண்டு விழுகிறது. நல்ல எஃகு, நல்ல சாணை. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை முழுக்க அந்த மரையில் இருக்கிறது. தலைகள் கைப்பிடிக்குள் சாதாரண வலமரையில் ஏறுகின்றன. வலப்பக்கம் திருப்பி வெட்டும்போது மரை இறுகும். ஆனால் மணிக்கட்டு ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போகாதே. அரைச்சுற்றுப் போனால் அது திரும்பி வந்தாக வேண்டும். திரும்பும்போது வெட்டு விளிம்பு பித்தளையைக் கவ்விக்கொண்டிருந்தால் மரை இளகும். ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை. கூட்டுக்கு நான்கு வேலை: வாயின் உள்விளிம்பைச் சாய்த்துச் சீவுவது, வெளிப்பிசிறை எடுப்பது, பிரைமர் குழியின் கவ்வலை அறுப்பது, குழியின் அடியைச் சமன் செய்வது. வேலைக்கு ஐந்து திருப்பு என்று வைத்தாலும் 400 கூட்டுக்கு 8,000 திருப்பு. அப்படியானால் 8,000 முறை திரும்பியும் வர வேண்டும். கையின் உழைப்பில் பாதி திரும்பி வருவதுதான். அந்தப் பாதி இந்தக் கைப்பிடியை வடிவமைத்தவரின் கணக்கில் வரவே இல்லை.

ஏன் வரவில்லை என்பது மரையின் அளவிலேயே தெரிகிறது. 8-32 மரை. கூடு சீர்செய்யும் மின்சாரப் பெட்டிகளில் பெரும்பாலும் இதே மரைதான். பெட்டியின் மேல் தலைகள் வரிசையாக நின்று சுழலும், கூட்டைக் கையில் பிடித்து அழுத்தினால் போதும். மோட்டார் ஒரே பக்கம்தான் சுற்றும், அதற்குத் திரும்பி வரும் வேலை இல்லை. சுற்றச் சுற்ற மரை இறுகிக்கொண்டே போகும். ஆக, இந்தத் தலைகள் மோட்டாருக்குப் பிறந்தவை. கையால் செய்பவனுக்கும் விற்கலாமே என்று பிற்பாடு ஒரு ரப்பர் கைப்பிடியைச் செருகியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். மோட்டார் வாங்க வசதி இல்லாதவனும், சத்தமில்லாமல் இரவில் வேலை செய்ய விரும்புகிறவனும்தான் கைக்கருவி வாங்குகிறான். அவன் கை எப்படி அசைகிறது என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

தலை ஆடினால் என்ன, இறுக்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். ஒரு கூட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வாயின் உட்புறம் சீவிய இடம் ஒரே அகலத்தில் மின்னும் வளையமாக இருக்க வேண்டும். இதில் ஒரு பக்கம் அரிசி முனை அகலம், எதிர்ப்பக்கம் நூலிழை. விளிம்பில் சின்னச் சின்ன அலைகள். அந்தக் கூட்டில் குண்டை அழுத்தி இறக்கியபோது, குண்டின் பக்கவாட்டிலிருந்து செம்பு ஒரு சுருளாக உரிந்து வந்து வாயோரம் நின்றது. அதை விரல்நுனியில் ஒட்டி எடுத்துப் பார்த்தேன். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். சீவலின் நோக்கமே இந்த உரிதலைத் தடுப்பதுதான்.

பிரைமர் குழியில் இன்னும் மோசம். ராணுவத் தோட்டாக்களில் பிரைமர் பின்வாங்கி வெளியே வந்துவிடாதபடி குழியின் விளிம்பை அழுத்திக் கவ்வவைத்திருப்பார்கள். பழைய பிரைமரைத் தள்ளி எடுத்தாலும் கவ்வல் அப்படியே நிற்கும், புதுப் பிரைமர் நுழையாது. அந்த விளிம்பை மட்டும் அறுத்தெடுக்க வேண்டும். ஆடும் தலையோடு அறுத்தால் குழி ஒரு பக்கம் அகன்றுபோகும், பிரைமர் இறுகி உட்காராது. 11 கூடுகளை இப்படி இழந்தேன். இளகிய குழியில் பிரைமர் வைத்துச் சுடுவது முகத்துக்கு நேரே செய்யும் விளையாட்டு. பதினொன்றையும் குறடால் நசுக்கிப் பழைய பித்தளை டப்பாவில் போட்டுவிட்டேன்.

செய்யாத வைத்தியம் இல்லை. மரையில் டெஃப்லான் டேப் சுற்றினேன், நாற்பது கூடு தாங்கியது. ஸ்பிரிங் வாஷர் போட்டேன், தலை நேராக நிற்கவில்லை. குறடு வைத்து இறுக்கினேன், அடுத்த தலையை மாற்றக் கழற்றுவதற்குள் கைப்பிடியின் ரப்பர் கிழிந்தது. மரைப் பசை போட்டால் நிற்கும். ஆனால் ஆறு தலைக்கு ஒரு கைப்பிடி என்ற ஏற்பாட்டுக்கே அப்புறம் அர்த்தமில்லை.

விஷயம் விளங்கியது வாளி கொடுத்த பெரியவரிடம்தான். என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பையிலிருந்து வில்சன் கருவியை எடுத்தார். வாஷிங்டன் மாநிலத்தில் காஷ்மியர் என்ற சின்ன ஊரில் செய்வது. சுண்டுவிரல் நீளத்துக்கு முழு எஃகு, நடுவில் சொரசொரப்பு, ஒரு முனை உள்விளிம்பைச் சீவ, மறுமுனை வெளிப்பிசிறை எடுக்க. கைப்பிடி இல்லை, மரை இல்லை.

"மணிக்கட்டைத் திருப்பாதீர்கள், விரலால் உருட்டுங்கள்," என்றார்.

திரி திரிப்பதுபோலக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அது ஒரே பக்கமாக உருண்டது. பின்னால் வரவே இல்லை. மூன்று உருட்டு, மெல்லிய அழுத்தம், கூட்டின் வாய் முடிந்தது. என் பருத்த கைப்பிடியை அப்படி உருட்டவே முடியாது, உள்ளங்கையால் பிடித்தே ஆக வேண்டும். உள்ளங்கையால் பிடித்தால் மணிக்கட்டு போயும் வந்தும்தான் திருப்பும். சௌகரியத்துக்காகக் கொடுத்த அந்தப் பருமன்தான் மரையைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

நீளம் வெட்டுவதற்கு இந்தத் தொகுப்பை நான் நம்பவில்லை. அதற்கு லீ கம்பெனியின் எளிய கட்டர் போதும். ஒவ்வொரு முறை சுட்டுப் பழைய அளவுக்கு அழுத்தும்போதும் கழுத்து கொஞ்சம் நீளும். 7.62 நேட்டோவுக்கு இணையான .308 கூட்டுக்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டி நிறுத்துவது 2.005. நீண்ட கழுத்தை அப்படியே விட்டால் வாய் குழலின் தொடக்கத்தில் நெருக்குண்டு குண்டை இறுகப் பிடிக்கும், அழுத்தம் ஏறும். லீயின் கட்டரில் ஒரு ஊசி கூட்டுக்குள் புகுந்து, அடியில் உள்ள பொறித்துளை வழியே போய், கூட்டைப் பிடித்திருக்கும் அடித்தட்டில் முட்டும். முட்டியதும் வெட்டு தானே நின்றுவிடும். அதற்குமேல் எத்தனை சுற்று சுற்றினாலும் ஒரு துகள்கூட விழாது. நடுவில் ஒற்றைத் துளை உள்ள பாக்சர் கூடுகளுக்குத்தான் இது சரிவரும். பெர்டான் கூட்டில் இரண்டு சின்னத் துளைகள், நடுவிலிருந்து விலகி இருக்கும். பெர்டான் அமெரிக்கர், பாக்சர் ஆங்கிலேயர். இருவர் ஏற்பாடும் 1860-களில் வந்தவைதான். கடைசியில் அமெரிக்கர்கள் ஆங்கிலேயரின் பாக்சரை எடுத்துக்கொண்டார்கள், அமெரிக்கரின் பெர்டான் ஐரோப்பாவில் பரவியது.

வாங்கலாமா என்றால், மின்சாரப் பெட்டி ஏற்கெனவே இருப்பவர்கள் இந்தத் தலைகளைத் தாராளமாக வாங்கலாம். கையால் மட்டும் செய்பவர்கள் வாங்க வேண்டாம். இதே தலைகளை அறுகோணத் தண்டில் பொருத்தி, அழுத்தினால் பூட்டும் கைப்பிடியோடு, விரலுக்கு அடங்கும் பருமனில் யாராவது செய்தால் முதல் ஆளாக நான் காசு கொடுப்பேன்.

மிச்சமிருந்த கூடுகளின் வாயை வில்சனைக் கொண்டே முடித்தேன். கவ்வலை மேசையில் பொருத்திய அழுத்தும் கருவியால் தள்ளிவிட்டேன், அறுக்கவில்லை. ரப்பர் கைப்பிடியில் இப்போது ஒரே தலைதான்: குழியின் கரியைத் துடைக்கும் கம்பித் தூரிகை. அதை மட்டும் மரைப் பசை போட்டு இறுக்கியிருக்கிறேன். தூரிகை எதையும் கவ்வுவதில்லை, திரும்பி வரும்போதும் இளகுவதில்லை. மற்ற ஐந்து தலைகளும் டப்பாவில்.