வழக்கறிஞர், தூதர், நாவலாசிரியர்: வட சிலாங்கூர்த் தோட்டங்களுக்காகப் பேசியவர்கள்

வழக்கறிஞர் கட்சிக்காரருக்காகப் பேசுகிறார், தூதர் அரசுக்காகப் பேசுகிறார், நாவலாசிரியர் தான் படைத்த மனிதர்களுக்காகப் பேசுகிறார். மூன்றுமே பிறர் சார்பில் பேசும் தொழில்கள்தான். ஒருவரே மூன்றையும் செய்தால் அந்தக் குரலுக்கு இணையில்லாத வலு கிடைக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கோல சிலாங்கூரிலும் அதற்கு வடக்கேயும் கிழக்கேயும் பரவியிருந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களுக்கு அப்படிப்பட்ட ஒருவர் வாய்க்கவில்லை. வழக்கறிஞர் வந்தார், தூதர் வந்தார், உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியரும் வந்தார். ஆனால் தனித்தனி மனிதர்களாக, தனித்தனிக் காலங்களில் வந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற எழுத்தையும் செயலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், குறை திறமையில் இல்லை, யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவராக அவர்கள் இருந்தார்கள் என்பதில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

முதலில் நாவலாசிரியர். பிரான்ஸின் பர்பெசியூ ஊரில் 1879இல் பிறந்த ஆன்ரி ஃபோக்கொனியே 1905இல் மலாயா வந்து, சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். சுமத்ராவிலிருந்து வரவழைத்த செம்பனை விதைகளை முதலில் அழகுக்காக நட்டவர், 1917இல் அருகிலிருந்த தென்னமரம் தோட்டத்தில் அதை வணிகப் பயிராக்கினார். மலேசியாவின் செம்பனைத் தொழில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1930இல் அவர் எழுதிய ‘மலேசி’ நாவல் பிரான்ஸின் கோன்கூர் பரிசைப் பெற்றது, மறு ஆண்டே ஆங்கிலத்திலும் வந்தது. நாவல் அழகானது என்பதில் எனக்கு ஐயமில்லை. மலாய் பந்துன் கவிதைகளை அவ்வளவு ஆசையோடு ஐரோப்பிய உரைநடைக்குள் கொண்டுவந்தவர்கள் வெகு சிலரே. ஆயினும் அதன் உள்ளம் மலாய்க்காரர்களிடம் இருக்கிறது. வெறி பிடித்தோடும் மலாய் இளைஞன் ஸ்மாயிலின் முடிவுதான் கதையின் உச்சம். தோட்டத்துத் தமிழர்கள் கதையில் நடமாடுகிறார்கள், வேலை செய்கிறார்கள், ஆசிரியரின் ஆர்வத்தையும் ஈர்க்கிறார்கள். ஆனால் கதையின் கேள்விகள் அவர்களுடைய கேள்விகள் அல்ல. அந்தத் தோட்டத்தின் கூலிக் கணக்கும் கங்காணியின் அதிகாரமும் நாவலுக்கு வெளியே நின்றுவிட்டன. எழுதியவர் அந்தத் தோட்டத்தின் துரை. பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர், லயத்தில் இருந்தவர்களுக்குக் காட்ட வேண்டியவர் அல்லர்.

இங்கே ஒரு மறுப்பு எழும். நாவல் தொழிலாளர் நலத்துறை அறிக்கை அல்லவே, கலைஞனிடம் கூலிக் கணக்கைக் கேட்கலாமா என்பார்கள். கேட்கக் கூடாதுதான். ஆனால் தோட்ட வாழ்வின் சாரத்தைச் சொன்ன நூல் என்று அதை நாம் கொண்டாடும்போது, யாருடைய வாழ்வின் சாரம் என்று கேட்பதற்கு வாசகனுக்கு உரிமை உண்டு. அதே மலாயாவில் 1930களில் தோட்டத்தில் வேலை பார்த்த பியர் பூல், ‘சாக்ரிலேஜ் மாலே’ நாவலில் நிறுவனத்தின் நிர்வாக மூடத்தனத்தைக் கூர்மையாகப் படம் பிடித்தார். அதுவும் துரைமார் உலகத்தின் கதைதான்.

தூதர்களின் வரலாறு இதைவிடச் சிக்கலானது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தை ஒட்டி, மலாயாவில் இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் அமர்த்தப்பட்டார். நாடே அடிமைப்பட்டிருந்த காலத்தில் கூலித் தொழிலாளிக்கு ஒரு தூதர் இருந்தார் என்றே சொல்லலாம். 1936 இறுதியில் இந்திய அரசின் சார்பில் சீனிவாச சாஸ்திரி நேரில் வந்து பார்த்து அறிக்கை தந்தார். 1938 ஜூனில் உதவித்தொகையுடன் தொழிலாளர் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின்போது ஏஜெண்டாக இருந்தவர் சுபிமல் தத். பின்னாளில் இந்தியாவின் வெளியுறவுச் செயலாளராக உயர்ந்தவர். அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. சீனத் தொழிலாளிக்கு ஈடான கூலி, பெண்கள்மீதான அத்துமீறலுக்கு முடிவு, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்கு முறையான படிப்பு என்பவற்றோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டாம் என்பதும் ஒரு கோரிக்கை. தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் தமிழ்நேசனில் பணியாற்றியவர். அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இறந்தனர்.

போருக்குப் பின் வந்தவர்தான் நம் தலைப்புக்கு மிக நெருங்கியவர். எஸ். கே. செட்டூர் ஐசிஎஸ் அதிகாரி. ஆங்கிலத்தில் சிறுகதைகளும் ஒரு துப்பறியும் நாவலும் எழுதியவர். 1945க்குப் பிறகு மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்தார். கதை எழுதத் தெரிந்த ஒருவர் கையில் தோட்டத் தமிழரின் வழக்கு வந்து சேர்ந்த அரிய தருணம் அது. அவரிடமிருந்து நமக்குக் கிடைத்ததோ 1948இல் வெளியான ‘மலாயன் அட்வென்ச்சர்’ என்ற நினைவுக் குறிப்பு, ஓர் அதிகாரியின் பார்வையில் எழுதப்பட்டது. 1947இல் அவருடைய இடத்துக்கு வந்தவர் ஜான் திவி. பேராக்கில் பிறந்து லண்டனில் சட்டம் படித்த வழக்கறிஞர், ஆசாத் ஹிந்த் அரசில் பங்கேற்றதால் சிறைப்பட்டவர், 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரானவர். ஓராண்டுக்குள் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லும் தலைவர், டில்லிக்குப் பதில் சொல்லும் பிரதிநிதியாக மாறினார். குடியுரிமைக் கேள்வி உச்சத்தில் நின்ற நேரத்தில் நடந்த மாற்றம் என்பதால் இதைச் சாதாரணப் பதவி உயர்வாக நான் பார்க்கவில்லை.

அந்த மாற்றத்தின் எல்லை 1949இல் தெரிந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி வட சிலாங்கூரின் ரவாங் பக்கம் துப்பாக்கியோடு பிடிபட்டு, அவசரகாலச் சட்டத்தின்கீழ் மரண தண்டனை பெற்றார். திவியும், லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனனும் உயிர்ப்பிச்சை கேட்டு முயன்றார்கள். இருவருமே சட்டம் படித்தவர்கள், இருவருமே தூதர்கள். மே 4ஆம் தேதி புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். சட்டமும் தூதும் சேர்ந்து நின்றும் பலிக்கவில்லை. காரணம் எளிது: அந்த மனிதரின் உயிர் அவர்களுடைய அரசின் கையில் இல்லை. அவர்கள் கேட்க முடிந்தது, கட்டளையிட முடியவில்லை.

மூன்று தொழில்களும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் வேறாகியிருக்குமா? சேர்ந்த உதாரணம் நமக்கு அண்டையிலேயே உண்டு. கே. எம். பணிக்கர் லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர், ‘கேரள சிம்மம்’ போன்ற மலையாள நாவல்களை எழுதியவர், சீனாவிலும் எகிப்திலும் பிரான்ஸிலும் இந்தியத் தூதராக இருந்தவர். ஆனால் அவருடைய நாவல்கள் பழசிராஜா போன்ற மன்னர்களையும் வீரர்களையும் நாடின. சுதேச சமஸ்தானங்களில் உயர் பதவி வகித்தவர் அரசர்களின் கதையைச் சொன்னதில் வியப்பில்லை. ஆகவே தொழில்கள் ஒன்று சேர்வது மட்டும் தோட்டத்துக் குரலை உண்டாக்கிவிடாது.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பதற்கு மலேசியத் தமிழ் நாவல்களே சான்று. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ 1977இல் வந்தது. அகிலன் விருந்தினர், அன்போடு பார்த்தார், பார்த்ததை எழுதினார். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வந்தபோதும், பின்னர் அ. ரெங்கசாமி போர்க்கால சயாம் ரயில் பாதை வேலையின் அதே கொடுமையை ‘நினைவுச்சின்னம்’ ஆக்கியபோதும், எழுதியவர்கள் அந்தச் சமூகத்தின் பிள்ளைகளாகவே பேசினார்கள். எங்கள் அப்பாவுக்கு நடந்ததைச் சரியாகச் சொன்னீர்களா என்று வாசகர் அவர்களை நேருக்கு நேர் கேட்க முடியும். கோன்கூர் பரிசு பெற்றவரிடம் அதைக் கேட்க யாருக்கும் வாய்ப்பில்லை. கலைத்திறத்தில் இந்த நாவல்கள் ‘மலேசி’க்கு நிகரா என்றால், பல இடங்களில் இல்லை என்பேன். உரையாடல்கள் தட்டையாகின்றன, சம்பவங்கள் வரிசையாக அடுக்கப்படுகின்றன. ஆனாலும் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை அரசுக் கோப்புகளைவிட அவை அக்கறையோடு சுமக்கின்றன.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் நாவல்களைத் தனியாகவும் ஏஜெண்டின் ஆண்டறிக்கைகளைத் தனியாகவும் படித்து வந்திருக்கிறார்கள். கூலி விகிதம், குடியிருப்பு, தோட்டப் பள்ளி, கள்ளுக்கடை என்று ஆண்டுதோறும் பதிவான அந்த அறிக்கைகளை, ஃபோக்கொனியே தோட்டம் நடத்திய அதே ஆற்றோரத்தின் நாவலோடு ஒரே மேசையில் விரித்துப் படிக்கும் வேலை தமிழில் இனிமேல்தான் முழுமையாகச் செய்யப்பட வேண்டும்.