விருத்தன் குரல்: வள்ளி திருமண நாடகத்தில் ஒரு மெய்ப்பாட்டு ஆய்வு

முருகன் செருத் தணிந்த இடமாதலின் செருத்தணி எனப்பட்ட குன்றமே இன்று திருத்தணி என வழங்குகிறது என்பர். வள்ளியை மணந்தபின் அவளுடன் முருகன் இக்குன்றை அடைந்த செய்தியைக் கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணத்து இறுதியிலுள்ள வள்ளியம்மை திருமணப் படலத்தால் அறிகிறோம். அக்கதையை மேடைக்குரிய நாடகமாக யாத்தவர் சங்கரதாச சுவாமிகள் (1867–1922). அந்நாடகத்து விருத்தனுக்கு நடிகர் குரல் அமைக்கும் முறையே ஈண்டு நம் ஆய்வுக்குரியது.

வேடனாக வந்து கருத்து முற்றாத முருகன் கிழவனாகிறான். தேனும் தினைமாவும் வேண்டி உண்கிறான். நீர் வேட்கை என்கிறான். நீர் பருகியபின் மணம் வேண்டி இகழப்படுகிறான். சூரனை வென்றவனுக்குத் தினைப்புனம் காக்கும் ஒருத்தியிடம் பேச வகை தெரியவில்லை. கருதியதை விடுத்துப் பிறவற்றைப் பேசுவதும், பேசலாகாப் பொழுதில் கருதியதைப் பேசிவிடுவதும் அவன் இயல்பாகின்றன. கூச்சமுடையார் அனைவர்க்கும் பொதுவாகிய நிலை இது.

மேடையில் பெரும்பாலும் ராஜபார்ட் நடிகரே இவ்வேடத்தையும் தாங்குவர். அவருள் பலர் நடுங்கும் குரல், இருமல், பல்லிழந்த சொல் ஆகியவற்றைத் தொடக்கமுதல் இறுதிவரை ஒரே அளவாகக் காட்டுவர். அவையும் நகைக்கும். ஆயின் அந்நகை எத்தகையது?

தொல்காப்பியர் நகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் எள்ளலையும் பேதைமையையும் வேறுவேறாக வைத்தார். மூப்பையோ நகையின்கண் வையாது இளிவரலின்கண் வைத்தார். இப்பகுப்பு நம் வினாவுக்கு விடை தருகிறது. மூப்பையே நகைப்பொருளாக்கும் நடிகர் அவையை எள்ளலுக்குப் பழக்குகிறார். முதியவரையும், பேசத் தடுமாறுவாரையும் கண்டு நகுவதற்கு அவை அங்கே உரிமை பெற்றுவிடுகிறது. காதலால் விளைந்த பேதைமையைக் குரலிற் காட்டும் நடிகரோ நகையையும் இளிவரலையும் ஒருங்கே எழுப்புகிறார்.

இதனைக் குரலால் இயற்றுவது எங்ஙனம்? முதுமையின் நடுக்கம் எல்லாச் சொல்லிலும் ஒப்ப நிற்கும். கூச்சத்தின் நடுக்கம் விரும்பிய சொல்லை அணுகும்போது மட்டுமே தோன்றும். மாவு வேண்டுங்கால் தெளிவாக ஒலித்த குரல், மணம் என்ற சொல்லின் முன் மூச்சுத் தடைப்பட்டு நிற்குமாயின், கிழவனுள் இருக்கும் இளையோனை அவை செவியாலேயே கண்டுகொள்ளும். கண்ணை மூடிக் கேட்பார்க்கும் புலப்படுவதே இவ்வேடத்திற் சிறந்த நடிப்பு என்பது நம் துணிபு.

ஒரு தடை எழலாம். ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர் நடிகர் ஒத்திகையின்றி மேடையிற் கூடுவர். தருக்கம் அவ்வப்போதே புனையப்படும். அங்கு இத்துணை நுட்பத்தை எதிர்பார்த்தல் தகுமோ எனலாம். தகும் என்போம். எதிருரை யாதாகுமெனத் தெரியாத நடிகரும் பேசத் தெரியாத விருத்தனும் ஒரே நிலையினர். அத்தயக்கத்தை இருமலால் மறையாது குரலில் நிற்கவிடுவாராயின், அதுவே நடிப்பாகிவிடும்.

மேடைப் பனுவலை இலக்கிய ஆராய்ச்சிக்குப் புறம்பென ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பாடத்தை மட்டும் கற்று, அது ஒலித்த குரலைக் கருதாது விடுவோமாயின் மெய்ப்பாட்டியல் ஏட்டளவில் நின்றுவிடும். விருத்தனின் தடுமாற்றத்தை எள்ளாது கேட்கக் கற்ற அவையே, அவன் முருகனாகத் தோன்றுங்கால் வள்ளி எய்தும் வியப்பைத் தானும் எய்தும்.