கீழாநெல்லி வென்றதா?

ஐப்பசி மழை இரண்டு பாட்டம் பெய்தால் போதும். இராமநாதபுரம் சீமையின் கண்மாய்க் கரைகளிலும் மிளகாய்த் தோட்டத்து வரப்புகளிலும் கீழாநெல்லி முளைத்துவிடும். இலைகளின் அடிப்புறத்தில் கடுகளவு நெல்லிக்காய்கள் வரிசையாகத் தொங்கும் அந்தச் சிறு செடியை நீங்கள் அறிவீர்கள். உச்சிப்புளியானாலும் பாம்பனானாலும், வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் பெரியவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். வேரோடு பிடுங்கிக் கழுவி, அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். கூடவே பத்தியம். சில வாரங்களில் மஞ்சள் இறங்கிவிடும். 'கைகண்ட மருந்து' என்று ஊரே சாட்சி சொல்லும்.

இந்தச் சாட்சியத்தை விஞ்ஞானம் ஏற்குமா? இது வெறும் வாதத்துக்கான கேள்வியன்று. விடையில் தவறினால், சிலருக்கு அது பல ஆண்டுகள் கழித்து ஈரல் புற்றுநோயாக வந்து நிற்கும். எப்படி என்று பார்ப்போம்.

காமாலை ஒரு நோயல்ல

காமாலை என்பது ஓர் அடையாளமே, நோயின் பெயரன்று. ஈரல் பழுதுபடும்போது மஞ்சள் நிறமி இரத்தத்தில் தேங்குகிறது, கண்ணில் தெரிகிறது. ஈரலைப் பழுதாக்கும் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமானவை சில வைரஸ்கள்.

ஏ, ஈ என்னும் வகைகள் மலம் கலந்த நீரின் வழியே பரவுபவை. நல்ல தண்ணீர் அருமையான நமது கடற்கரையில், மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் குடமாக இறைப்பதைக் கண்டிருப்பீர்கள். அத்தகைய ஊற்றில் கழிவு கலந்தால் ஒரு தெருவே படுத்துவிடக்கூடும். எனினும் இவ்விரு வகைகளிலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் நோய் தானாகவே தணிகிறது. (கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஈ வகை மிக ஆபத்தானது, அவர்கள் உடனே மருத்துவமனை சேர வேண்டும்.)

இப்போது யோசித்துப் பாருங்கள். தானாகத் தணியும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தேறத்தானே செய்வார்கள்? பனங்காட்டுச் சீமையில் வாழும் நமக்குக் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை தெரியாததா? பழத்தைத் தள்ளியது காக்கைதானா என்று அறிய வேண்டுமானால், காக்கை உட்காராத மரத்தையும் பார்க்க வேண்டும். சோதனை முறையின் சாரம் இதுதான்.

ஈரலில் குடியேறும் வைரஸ்

பி வகை வேறு குணம் கொண்டது. இது நீரால் பரவுவதில்லை. இரத்தம், உடலுறவு, சுத்தம் செய்யாத ஊசி, ஒருவர் கத்தியில் மற்றொருவர் சவரம் ஆகியவற்றால் பரவுகிறது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றுகிறது. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் இதை உடலே விரட்டிவிடுகிறது. ஆனால் பிறக்கும்போதே தொற்றினால், நூற்றுக்குச் சுமார் 90 குழந்தைகளிடம் அது நிலைத்துத் தங்கிவிடுகிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம், பச்சிளம் குழந்தையின் எதிர்ப்புச் சக்தி இன்னும் முதிராததே. அதில் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் பங்கு இருக்கலாம். 2015இல் தைவான் விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வளர்ந்த எலிகள் இவ்வைரஸை விரட்டின. ஆனால் மருந்து கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களை அழித்துவிட்டபோது, அவற்றால் விரட்ட இயலவில்லை. எலியில் கண்டது மனிதனுக்கும் பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

தங்கிய வைரஸ் என்ன செய்கிறது? ஈரல் செல்களில் ஓயாத அழற்சியை மூட்டுகிறது. செல்கள் மடிவதும் புதியவை தோன்றுவதுமாகப் பல ஆண்டுகள் கழிய, ஈரல் தழும்பேறிச் சுருங்குகிறது. அத்துடன் வைரஸின் மரபுப் பொருள் துண்டுகள் நம் செல்லின் மரபுப் பொருளிலேயே செருகிக்கொள்கின்றன. கட்டுப்பாடிழந்த ஒரு செல் புற்றுநோய்க்கு வித்தாகிறது. இவ்வளவும் நடக்கும்போது அவர் கண் மஞ்சளிக்காமலே இருக்கலாம்! 2018இல் உலகில் தோன்றிய புதிய புற்றுநோய்களில் நூற்றுக்குச் சுமார் 13 இவ்வாறு தொற்றுக் கிருமிகளால் வந்தவை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

1988: ஒரு நம்பிக்கை

பி வைரஸின் அடையாளப் புரதத்தை 1960களில் கண்டறிந்தவர் அமெரிக்க விஞ்ஞானி பரூக் புளூம்பர்க். 1976இல் நோபல் பரிசு பெற்றவர். அவரும் வெங்கடேஸ்வரனும் மற்றொருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி இனச் செடியின் சாறு, வைரஸ் பெருகத் தேவையான நொதியைச் சோதனைக் குழாயில் தடுத்தது.

அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், புளூம்பர்க்குடன் சேர்ந்து, 'லான்செட்' இதழில் மனிதச் சோதனையின் முடிவை வெளியிட்டனர். நோய்க்குறி இல்லாமல் வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். முடித்த 15 முதல் 20 நாளுக்குள் பரிசோதித்தபோது, 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. மருந்தில்லாத போலிப் பொடி உண்டவர்களிலோ 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது.

இந்த ஆய்வைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. பாட்டி வைத்தியம் என்று ஒதுக்காமல், வேதவாக்கு என்று வணங்காமல், ஒப்பிடும் குழு வைத்துச் சோதித்தார்கள். காக்கை உட்காராத மரத்தையும் பார்த்தார்கள். அதுவே பெரிய காரியம்.

ஆனால் குறைகளும் உண்டு. மொத்தம் 60 பேர் என்பது சிறு எண்ணிக்கை. கண்காணித்த காலம் குறுகியது. சிலரை மட்டுமே ஒன்பது மாதம் வரை தொடர்ந்தார்கள். ஆண்டுகணக்கில் வாழும் வைரஸுக்கு இது போதாது. கட்டுரையாளர்களே இதை முதற்கட்ட ஆய்வு என்றுதான் குறிப்பிட்டார்கள். அந்தச் சொல்லைக் கவனியாமல் 'கண்டுபிடித்தாகிவிட்டது' என்று முழங்கியவர்களே பிழை செய்தவர்கள்.

மறுபடியும் செய்து பார்த்தபோது

முதற்கட்ட முடிவைப் பிறர் மறுபடி செய்து பார்க்க வேண்டும். தாய்லாந்தில் 1990இலும் 1991இலும், நியூசிலாந்தில் 1994இலும் வெளியான ஆய்வுகளில் சென்னையில் கண்ட பலன் கிடைக்கவில்லை. 2011இல் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள், 1,326 பேரை உள்ளடக்கிய 16 சோதனைகளைத் தொகுத்து எடைபோட்டார்கள். போலி மருந்தோடு ஒப்பிட்டது அவற்றில் ஒன்றே ஒன்று. கீழாநெல்லி இனம் பி வைரஸுக்குப் பயன் தருகிறது என நம்பத்தக்க சான்று இல்லை என்பதே அவர்கள் முடிவு.

'செடி ஒன்றா, மண் ஒன்றா, பறித்த பருவம் ஒன்றா?' என்று கீழாநெல்லியின் ஆதரவாளர்கள் கேட்கலாம். கேள்வி சரியானதே. ஒரே பெயரில் வேறு வேறு இனங்கள் சந்தையில் விற்கப்படுவதும் உண்மை. ஆனால் அதற்கு விடை, இனத்தையும் அளவையும் நிர்ணயித்து மேலும் பெரிய சோதனை நடத்துவதுதான். சோதனை வெல்லாதவரை, 'மருந்து' என்ற பட்டத்தை முன்கூட்டியே சூட்டக்கூடாது. கண்மாய்க் கரையில் நாம் பறிக்கும் செடிக்கும் இதே கேள்விகள் உண்டல்லவா?

நிலைத்து நின்ற முடிவு

புளூம்பர்க்கின் பெயரோடு இணைந்த இன்னொரு முடிவு உண்டு. அவரும் இர்விங் மில்மனும் 1969இல் பி வைரஸுக்குத் தடுப்பூசி செய்யும் வழியை வகுத்தார்கள். தைவான் 1984இல் பச்சிளம் குழந்தைகளுக்கு அத்தகைய தடுப்பூசியைப் போடத் தொடங்கியது. அங்கே 6 முதல் 14 வயதுள்ளவர்களில், லட்சம் பேருக்கு 0.70 ஆக இருந்த ஈரல் புற்றுநோய் பத்தாண்டுக்குள் 0.36 ஆகக் குறைந்தது. வைரஸைத் தடுத்தால் புற்றுநோய் குறைகிறது! பிற நாடுகளும் இத்தடுப்பூசியைப் போட்டுப் பார்த்தன, பலன் உறுதிப்பட்டது.

ஒரே விஞ்ஞானி, ஒரே வைரஸ். அவர் பெயர் தாங்கிய ஒரு முடிவு மறுசோதனையில் நின்றது, மற்றொன்று நிற்கவில்லை. நோபல் பரிசும் ஒரு முடிவைக் காப்பாற்றாது என்பதை இதிலிருந்து நாம் கற்கிறோம்.

ஆகவே வாசகர்களே, வீட்டில் யாருக்கேனும் கண் மஞ்சளித்தால், மோர்க் கிண்ணத்தோடு நின்றுவிடாதீர்கள். எந்த வைரஸ் என்று இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். உங்கள் பெற்றோர் பிறந்த காலத்தில் அரசுத் திட்டத்தில் இந்தத் தடுப்பூசி இல்லை. எனவே மஞ்சளே தெரியாவிட்டாலும் அவர்களுக்கு ஒரு முறை பரிசோதனை நல்லது. பி வகை என்று தெரிந்தால் அஞ்ச வேண்டாம். வைரஸை அடக்கி வைக்கும் மாத்திரைகள் உண்டு. 2018இல் தொடங்கிய தேசிய ஈரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனையும், பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசியும் தவறவே கூடாது.

கண் மஞ்சள் இறங்குவதை ஊரே பார்க்கும். ஈரலுக்குள் வைரஸ் தங்கியிருப்பதை ஊர்ச் சாட்சி பார்க்க முடியாது, சோதனைச்சாலைதான் பார்க்கும்.