நீர்ப்பிரமி, வல்லாரை, அமுக்கரா: லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

கவனம் கூடும், சோர்வு தீரும் என்று விற்கிற மூலிகை மருந்துகளில் மூன்றைச் சில மாதங்களாகச் சாப்பிட்டுப் பார்க்கிறேன். ஊர் சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் வெள்ளக்கடை; வேலை, தோட்டங்களுக்குக் கணக்கு எழுதுவது. மதியத்துக்கு மேல் எண்கள் கண்ணில் படும், மண்டையில் ஏறாது. மூன்றையும் சேலத்தில் வாங்கினேன். எனக்கு ஆத்திரம் லேபிள் மேல்.

ஒரு பிரபல கம்பெனியின் டப்பாவில் ‘நீர்ப்பிரமி 250 மி.கி.’ என்று இருந்தது. செடியை உலர்த்தி இடித்த தூளா, பிரித்தெடுத்த சாரமா? டப்பாவை எத்தனை முறை திருப்பினாலும் பதில் இல்லை. எடை ஒன்றாக இருந்தாலும் தூளும் சாரமும் ஒன்றாகிவிடாது. நீர்ப்பிரமியில் மூளைக்கு வேலை செய்வதாகக் கருதப்படுவது பாக்கோசைடு. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இதில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. 2001-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் ஆரோக்கியமானவர்களுக்குத் தினம் 300 மி.கி. சாரம் கொடுத்தார்கள். கற்கும் வேகம் கூடியது. ஆனால் பலன் நன்றாகத் தெரிந்தது 12 வாரம் கழித்துத்தான். அந்தச் சாரத்தின் பேரைச் சொல்லி, என்ன இருக்கிறது என்றே எழுதாத தூளை விற்பது நியாயமே இல்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். நன்றி சொல்லி, அடுத்த டப்பாவுக்குத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள்.

அதிகம் விளம்பரமில்லாத இன்னொரு டப்பாவில் ‘சாரம், பாக்கோசைடு 20%’ என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். அதையே தொடர்ந்தேன். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது, வயிறு கலக்குகிறது. சாப்பாட்டுக்குப் பின் போட்டால் தொந்தரவில்லை. முதல் மாதம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு, ஒரு பக்கத்தைக் கூட்டிவிட்டுச் சந்தேகத்தில் மறுபடி மேலிருந்து கூட்டுவது குறைந்தது. மருந்தாலா, அதே சமயம் சீக்கிரம் தூங்கப் போனதாலா, பிரித்துச் சொல்ல முடியாது.

உடனடி உற்சாகம் வேண்டுமென்றால் இந்த மலையில் அதற்குக் காப்பி இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்த பயிர். ஒரு டம்ளர் அரை மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும். எந்த மாத்திரையும் அதற்கு ஈடாகாது.

வல்லாரை மாத்திரையால் எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. அதைவிடக் கீரையே மேல். ஈரம் நிற்கிற இடத்தில், தரையோடு கொடி ஓடி, ஓரத்தில் பல் பல்லாய் வெட்டிய வட்ட இலையோடு படர்ந்திருக்கும். உளுந்தும் வரமிளகாயும் வறுத்து, கீரையை வதக்கி, புளி, தேங்காய் வைத்து அரைத்தால் லேசான கசப்போடு துவையல் சோற்றுக்குப் பிரமாதம். ஞாபக மருந்தென்று சொல்லிப் பிள்ளைகளை மிரட்டாமல், ருசிக்காகவே பரிமாறலாம். கடையில் ஒன்று கவனியுங்கள்: ‘பிராமி’ என்ற பெயரில் வல்லாரையும் விற்கிறது. தாவரப் பெயர் பக்கோபா மொன்னியேரி என்றிருந்தால்தான் நீர்ப்பிரமி. சென்டெல்லா ஏசியாட்டிகா என்றால் வல்லாரை.

அமுக்கராவைக் கவனத்துக்கென்று விற்பது பொருத்தமில்லை. சித்த மருத்துவத்தின் அமுக்கரா சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பெல்லாம் சேரும். இரவில் பாலில் கலந்து குடித்தேன். நல்ல தூக்கம் வந்தது. பகலில் சாப்பிட்டால் கணக்குப் புத்தகத்தின் மேலேயே கண் சொருகியது. இதை லேசாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டென்மார்க் 2023-இல் இதற்குத் தடை விதித்தது. கர்ப்பிணிகளும், தைராய்டு அல்லது கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மூன்றில் ஒன்றுக்குத்தான் காசு கொடுப்பேன் என்றால், அது சாரமென்றும் பாக்கோசைடு எத்தனை சதவீதம் என்றும் எழுதிய நீர்ப்பிரமி. வேறு மருந்து சாப்பிடுபவர்கள் முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 12 வாரம் பொறுக்க முடியாதென்றால் வாங்காதீர்கள். சதவீதம் போடாத டப்பாவைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். ஏன் வேண்டாம் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.